இரண்டு தட்டு, வண்டி போகலாம்

ஆட்டோவை விட்டு இறங்கினால், காசு கொடுத்த கையோடு அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிடுவேன். ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிப் போய்விடுவார். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் குளியலறையை விட்டு வெளியே வந்தால் கதவில் இரண்டு தட்டு, பீரோவைச் சாத்தினால் அதிலும் இரண்டு தட்டு என்றால் வீட்டில் சும்மா விடுவார்களா? "இன்னா, பீரோவ ரிவர்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்று என் மனைவி அஞ்சலை கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் நான். என் கை இன்னும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம், நான் வேலை பார்த்த யார்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் எங்கள் தவளக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "சார், எல்லாத்தையும் கேமராதான் பாக்குது. ட்ரெய்லர அதுவே மாட்டுது, அதுவே இட்டுனு போவுது. அப்புறம் சைடுல எதுக்கு ஒரு மஞ்ச ரப்பரு? அத ரெண்டு தட்டு தட்டுனாதான் நகருவேன்னு எதுக்கு அடம் புடிக்குது?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போயிற்று, கதை பாதியைக்கூடத் தாண்டவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டு உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நான், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ட்ரெய்லர் மாட்டும் ஆளாக அங்கே சேர்ந்தேன். கொஞ்ச காலம் கிரீஸ் பூசினேன், கொஞ்ச காலம் திட்டு வாங்கினேன், அப்புறம் வேலை கைக்கு வந்துவிட்டது. படிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ட்ரெய்லர் தன் முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு இரும்புக் கால்களில் நின்றுகொண்டிருக்கும். இழுவை வண்டி பின்னால் வந்து அதன் அடியில் நுழைய வேண்டும். ட்ரெய்லரின் அடியில் கிங் பின் என்று ஒரு தடித்த இரும்பு முளை. இழுவை வண்டியின் முதுகில் அதைக் கவ்விக்கொள்ளும் வாய். சரியாக நுழைந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதை நம்பக் கூடாது. டார்ச் அடித்து, வாய் பூட்டிக்கொண்டதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஏறி நின்று ஏர் பைப்புகளை மாட்ட வேண்டும். சிவப்புப் பைப்பை மாட்டினால் ட்ரெய்லரின் பிரேக் விடும். மஞ்சள் பைப்பை மாட்டினால், டிரைவர் மிதிக்கிற பிரேக் ட்ரெய்லருக்கும் போய்ச் சேரும். அப்புறம் இறங்கி, இரும்புக் கால்களைச் சுற்றித் தூக்கிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போகலாம். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஊரில் பஸ்ஸிலிருந்து மாட்டு வண்டி வரைக்கும் எல்லாரும் இப்படித்தானே தட்டுகிறோம்?

எங்கள் யார்டு சூப்பர்வைசர் முசே அந்துவான். முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முசே காலையில் வரும்போது ஷூ எப்படிப் பளபளக்குமோ, அந்தப் புழுதியில் நாள் முழுக்க நின்றுவிட்டு மாலையில் போகும்போதும் அப்படியே பளபளக்கும். எப்படி என்று நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. வண்டி பின்னால் வரும்போது டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, கையைத் தாழ்த்தி, "துஸ்மா, துஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம். டிரைவர்களில் பாதிப் பேர் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். அவர்களும் கொஞ்ச நாளில் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம் துஸ்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முசே சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்களை எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் 'நீங்க' ஆகிவிடும். "ஏழுமலை, இங்க வா" என்றால் டீ சொல்வதற்காக இருக்கும். "ஏழுமலை, கொஞ்சம் வாங்க" என்றால் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். பாராட்டும் அப்படித்தான், ரொம்பச் சிக்கனம். பிசகில்லாமல் ஒரு வேலையை முடித்தால் "சா வா" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்தப் பரவாயில்லைக்காக நாங்கள் உயிரை விட்டு உழைத்தோம்.

மரியதாஸ் என்னோடு சேர்ந்து மாட்டுகிற வேலை பார்த்தவன். உப்பளத்துக்காரன். எனக்கு மச்சான் முறை இல்லை, ஆனால் முதல் நாளிலிருந்தே மச்சான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைத் திங்கட்கிழமை யார்டுக்கும் போட்டு வந்து கிரீஸ் ஆக்குகிற ஆள்.

அன்று மத்தியானம் ஒரு ட்ரெய்லர் டாக்கில், அதாவது சரக்கு ஏற்றும் மேடையில், பின்பக்கத்தை ஒட்டி நின்றிருந்தது. லோடு ஏறி முடிந்துவிட்டது. இழுவை வண்டி உள்ளே நுழைந்தது. இரும்புக் கால்களைத் தரையிலிருந்து நான் இரண்டு விரல் தூக்கியபோது கைப்பிடி சிக்கிக்கொள்ள, சுத்தியல் எடுக்கப் போனேன். மரியதாஸ் இடுக்கில் நின்று சிவப்புப் பைப்பை மாட்டிவிட்டு, மஞ்சள் பைப்பைக் கையில் எடுத்திருந்தான். அந்த நேரத்தில், டாக்கின் மேல் நின்ற லோடுமேன் ஒருவர், கன்டெய்னர் கதவின் தாழ்ப்பாள் இறங்காததால் அதை ஓங்கி இரண்டு அடி அடித்தார்.

டிரைவருக்குக் கேட்டது இரண்டு தட்டு. வண்டியை எடுத்தார்.

நான் கத்தினேன். வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் நின்றுவிட்டது. ஆனால் மரியதாஸ் கீழே விழ, கொஞ்சமே தூக்கியிருந்த இரும்புக் கால் அவன் இடது பாதத்தின் மேல் ஏறி நின்றது. நானும் டிரைவரும் ஜாக்கி வைத்துத் தூக்கி அவனை வெளியே எடுத்தோம். முசே தன் காரில் அவனைக் கிடத்தி, அவரே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிருக்கு ஒன்றுமில்லை. பாதத்தில் பாதி போயிற்று.

மறுநாள் காலை முசே எங்கள் எல்லாரையும் டாக்கின் முன்னால் நிற்க வைத்தார். ஷூவில் ரத்தக்கறை. அவர் ஷூவை அழுக்காக நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "நீங்க எல்லாரும் கேளுங்க" என்று ஆரம்பித்தார். "இடுக்குல எவன் போறானோ அவன் கைதான் தட்டணும். வேற எந்தக் கையும் இந்த யார்டுல எந்த வண்டியையும் தட்டக் கூடாது. தாழ்ப்பாள் இறங்கலையா, விசில் ஊதுங்க, நான் வர்றேன். தட்டுனவன் கையைக் கண்ணாடியில காட்டணும். கை தெரியலைன்னா வண்டி நகரக் கூடாது."

அதற்கப்புறம் எங்கள் யார்டில் யாருக்கும் கால் போகவில்லை. ஆனால் ஆட்கள் அந்த இடுக்கில் ஏறி நிற்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். மாட்டுகிற ஆட்களுக்கு நானே மேஸ்திரி ஆன பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று. ஓய்வு பெறுவதற்குள், அந்த இடுக்கில் மனுஷன் நிற்காமல் ஒரு ட்ரெய்லர் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை. மரியதாஸிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவன் தேறி வந்து கேட்டில் காவல் அறையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு லாபம்தான்டா மச்சான், ஒரு செருப்பு தேயறதே இல்ல" என்பான்.

நான் ஓய்வு பெறுகிற வருஷத்தில்தான் அந்த வண்டி வந்தது. டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற இழுவை வண்டி. கேபின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, சீட் கிடையாது. வழுவழுவென்று இருந்ததால் ஆட்கள் அதற்கு மொட்டை என்று பேர் வைத்தார்கள். ட்ரெய்லரைக் கேமராவால் பார்த்து, தானே பின்னால் வந்து நுழையும். ஏர் பைப் மாட்ட ஒரு இரும்புக் கை. ட்ரெய்லரின் கால்களைத் தூக்க மோட்டார். மாட்டியதை டாக்கில் கொண்டுபோய் ஒட்டி நிறுத்துவதும் அதன் வேலைதான்.

மொட்டையோடு சரண்யா வந்தது. லாஸ்பேட்டைப் பெண். காலேஜ் முடித்து, அந்த வண்டியைச் செய்த கம்பெனியில் என்ஜினீயர். காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மொட்டையைச் சுற்றி வந்து பார்க்கும். ஆட்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நானும் யார்டு முதலாளியிடம் நேராகவே கேட்டேன். மாட்டுகிறவர்களுக்கு டாக்கிலும் டயர் பார்க்கும் இடத்திலும் வேலை உண்டு என்று அவர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்த பிறகுதான் மொட்டையிடம் ஆட்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். கண்ணுபடக் கூடாது என்று எலுமிச்சம்பழம்கூடக் கட்டினார்கள்.

மொட்டை அழகாக நுழையும். அழகாகக் கவ்வும். ஒரு தடவை முன்னால் இழுத்துப் பார்த்து, பூட்டு விழுந்ததா என்று தானே சோதித்துக்கொள்ளும். ஆனாலும் சோதனைக் காலம் முடியும்வரை எங்கள் ஆள் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் குனிந்து பார்த்து, சரி என்று தலையாட்டுவார். உடனே மொட்டை சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊளையிட்டு, அப்படியே செத்த மாதிரி நின்றுவிடும்.

ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். சரண்யா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிடும். "இடது பக்கம் ஏதோ இடிக்குதுன்னு சொல்லுது சார். ட்ரெய்லர் இடிக்குதா?"

"இல்லம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"யாராச்சும் தொட்டீங்களா?"

"சேச்சே. யாரும் தொடலம்மா" என்றேன் நான். ஆட்களும் ஒரே குரலில் சத்தியம் செய்தார்கள். பொய் சொல்லவில்லை. தொட்டோம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. மூச்சு விட்டாயா என்று கேட்டால் யாராவது யோசித்துப் பார்ப்பார்களா?

சரண்யா கேமராவைத் துடைத்தது. மொட்டையின் வேகத்தைக் குறைத்தது. தரை மேடுபள்ளமாக இருக்கிறது என்று ரோலர் விட்டுச் சமன் செய்யச் சொன்னது. மொட்டை ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார்: "இந்த வாரக் கடைசிக்குள்ள ஒரு ட்ரெய்லர நிக்காம மாட்டி, டாக்குல சேர்த்துக் காட்டணும். இல்லன்னா வண்டிய அனுப்பிடுங்க. நம்ம பழைய வழியே போதும்."

பழைய வழி என்றால் இடுக்கு. என் ஆட்கள் மறுபடியும் அதில் ஏறி நிற்பார்கள், அடுத்த மாதம் நான் வீட்டில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பேன். சரண்யாவுக்கு அழுகை முட்டியது. எனக்கும்தான், நான் வெளியே காட்டவில்லை.

மறுநாள் காலை சரண்யா கேட்டுப் பக்கம் போய், மரியதாஸின் அறையில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. நான் டாக்கில் இருந்தேன். நடந்ததை மரியதாஸ் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் மாதா கோயில் திருவிழா தேரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான். பேச்சின் நடுவே அவன் இடது கால் வெடுக்கென்று பின்னால் போயிருக்கிறது. அவன் கவனிக்காமல் தேரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். உடனே மொட்டையின் ஊளை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கால் வெடுக்கென்று போக, மறுபடியும் ஊளை.

"அண்ணே, உங்க காலுக்கு எப்டி முன்னாடியே தெரியுது?"

"எதும்மா?"

"மொட்டை நிக்கப் போவுதுன்னு. அது கத்துறதுக்கு முன்னாடி உங்க கால் உள்ள போவுது."

மரியதாஸ் காலைப் பார்த்திருக்கிறான். "அதுவாம்மா? மொட்டைக்காக இல்ல. ரெண்டு தட்டு சத்தம் கேட்டா இது தானா பின்னாடி போயிடும். அடிபட்டதுலேருந்து இப்டித்தான். கோயில்ல மேளம் ரெண்டு தட்டு தட்டுனாகூடப் போவும்."

"எந்தத் தட்டு?"

"அதான், நம்ம ஆளுங்க வண்டியத் தட்டுறாங்களே."

டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெண் ஓடி வந்த ஓட்டம் இருக்கிறதே! "சார், சார், மறுபடி ஒருதடவ மாட்டச் சொல்லுங்க!" மொட்டை மாட்டியது. என் ஆள் டார்ச் அடித்துப் பார்த்தார், வெளியே வந்தார், கை தானாக எழுந்து மொட்டையின் பக்கத்தில் 'டப் டப்' என்று விழுந்தது. யாரோ மோதிவிட்டார்கள் என்று மொட்டை அலறியது. நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டியவரும் பார்த்தார், யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி. முதலில் சரண்யாதான் சிரித்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

தட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். முடியுமா? ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். முழங்கை போய்த் தட்டியது. இன்னொருவர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார், முழங்கால் தட்டியது. நான் செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்று மேஸ்திரி நானே போனேன். குனிந்து பார்த்தேன், வெளியே வந்தேன், நிமிர்ந்தேன். 'டப் டப்'. மொட்டை ஊளையிட்டது. "கொஞ்சம் வாங்க சார்" என்றது சரண்யா. அந்த 'வாங்க'வில் எனக்கு முசே ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் அது திட்டவில்லை. "ஏன் சார் தட்டுறீங்க? பழக்கம்னு சொல்லாதீங்க, முழுசா சொல்லுங்க" என்றது. லோடுமேன் அடித்த அடி, மரியதாஸின் கால், முசேவின் சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டது.

"அப்போ தட்டுனா, ஆளு வெளிய வந்துட்டான்னு அர்த்தம்."

"ஆமாம்மா."

"இத நிறுத்தக் கூடாது சார். மொட்டைக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்."

வெள்ளிக்கிழமைக்குள் மொட்டையின் இடது பக்கத்தில் மஞ்சள் ரப்பர்ப் பட்டை ஒன்று வந்துவிட்டது. இடுக்கிலிருந்து எவ்வளவு எட்டினாலும் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தது சரண்யா. வெளியே வந்தவன் கைதான் அதைத் தட்ட முடியும். இரண்டு தட்டு விழுந்தால், கேமரா தன் பங்குக்கு இடுக்கைப் பார்த்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் நகரும். வேறு எங்கே என்ன சத்தம் கேட்டாலும் நகராது. முசே கண்ணாடியில் கை காட்டச் சொன்னாரே, அதே சட்டம்தான். அந்தப் பெண் முசேவைப் பார்த்ததுகூட இல்லை.

கடைசிச் சோதனை சனிக்கிழமை காலை. முதலாளி வந்து நின்றார். முசே ஓய்வு பெற்று பிரான்சில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கு அனுப்பலாம் என்று வீடியோ எடுக்க ஒருவரிடம் என் போனைக் கொடுத்தேன். மரியதாஸும் கேட்டைப் பூட்டிவிட்டு நொண்டி நொண்டி வந்துவிட்டான்.

மொட்டை பின்னால் வந்தது. நுழைந்தது. 'டொக்'. முன்னால் ஒரு இழுப்பு, பூட்டு விழுந்திருந்தது. இரும்புக் கை சிவப்புப் பைப்பை மாட்டியது, மஞ்சள் பைப்பை மாட்டியது. இரும்புக் கால்கள் முழுக்க மேலே ஏறின. கடைசிச் சோதனை என்பதால் அன்றைக்கு டார்ச் பரிசோதனையும் கிடையாது. மஞ்சள் விளக்கு மின்ன, மொட்டை காத்துக்கொண்டு நின்றது. இடுக்கில் யாருமில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"யாராச்சும் தட்டுங்க" என்றது சரண்யா.

ஒருவரும் நகரவில்லை. உள்ளே போனவன் கைதான் தட்ட வேண்டும். உள்ளேதான் யாரும் போகவில்லையே! ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார்.

மரியதாஸ் முன்னால் வந்தான். "உள்ள போனவன் கைதானே மச்சான் தட்டணும்?"

"ஆமாம்டா."

"அன்னிக்கு நான் போனேன் இல்ல? போயி, இன்னும் தட்டலையே."

தள்ளி நின்று வழி விட்டேன். அவன் மொட்டையின் பக்கத்தில் போய் நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மஞ்சள் ரப்பரில் நிதானமாக இரண்டு தட்டு தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. மொட்டை கிளம்பியது. வளைந்து, பின்னால் வந்து, "துஸ்மா, துஸ்மா" என்று நாங்கள் எல்லாரும் கோரஸ் பாடப் பாட, டாக்கின் ரப்பரில் பூப்போல ஒட்டி நின்றது. ஆட்கள் விசில் அடித்தார்கள். முதலாளியே கை தட்டினார். சரண்யா ஹெல்மெட்டை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தது.

வீடியோவை முசேவுக்கு அனுப்பினேன். டீ வரும்போதே அவர் குரலும் வந்துவிட்டது. போனைச் சத்தமாக வைத்தேன்.

"ஏழுமலை, வண்டி நல்லா போவுது. அது இருக்கட்டும். நீ மரியதாஸ் காலப் பாத்தியா? நகரல. சா வா."

நாங்கள் அத்தனை பேரும் மொட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். 'டப் டப்'. அவன் இடது கால் தரையில் அப்படியே நின்றது. மரியதாஸ் போனையும் காலையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "போலாம்டா மச்சான், டீ ஆறிடும்" என்றான்.